பத்தாவது சேனலில் கைதட்டல்

ஒயரம்மா பகலில் பொய்ப்பல் செய்கிறவள். பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட் செய்து அனுப்பும் ஒரு சின்ன லேப்பில் ஜன்னலோர மேசை அவளுடையது. எதிர் அலமாரியில் யார் யாருடைய ஈறுகளோ பிளாஸ்டர் அச்சாக வரிசையில் உட்கார்ந்து, நாள் முழுக்க அவளைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். வெள்ளை வெளேரென்று பல் செய்கிறவனுக்குத் தொழில் தெரியாது என்பது அவள் கட்சி. அவள் ஒரு பல்லை இம்மியளவு கோணலாக வைப்பாள். விளிம்பில் கொஞ்சம் மஞ்சள் ஏற்றுவாள். அந்தப் பல்லை மாட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டில் வாய்விட்டுச் சிரித்தாலும் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. பொய் என்றால் வாய்க்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான் என்பாள்.

சாயங்காலம் வீடு திரும்பினால் இன்னொரு வாய் காத்திருக்கும். அது அவள் அண்ணனுடையது.

அண்ணன் ஓய்வு பெற்ற டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். வாழ்நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று அலறியே குடும்பத்தைக் காப்பாற்றியவர். அத்தனை அலறலுக்குப் பிறகு மிச்சமிருந்த தொண்டையில் பழைய பாட்டுகள் பாடுவார். நன்றாகத்தான் பாடுவார். அதை நாம் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவதுதான் தொந்தரவு. மாதாமாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நூலகத்து மாடி ஹாலில் பழைய பாட்டு ரசிகர் மன்றம் கூடும். அண்ணன்தான் பாடகர். ஒயரம்மாதான் மொத்த ஆர்க்கெஸ்ட்ரா. மைக்கைப் பிடித்ததும் அண்ணன் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். "நம்ம மேடைல எல்லாமே ஒரிஜினல் சுருதி. இறக்கிப் பாடுற வேலையெல்லாம் நம்மகிட்ட கிடையாது" என்பார். கூட்டம் தலையை ஆட்டும். கைதட்டாது. அந்த மன்றத்து ஆட்கள் கைதட்டினால் ரேகை தேய்ந்துவிடும் என்று பயந்தவர்கள். ஒயரம்மா அந்த நேரம் பார்த்துக் குனிந்து ஏதாவது ஒரு ஒயரைச் சரிசெய்வாள்.

சரிசெய்ய ஒயருக்கா பஞ்சம்? அண்ணன் வீட்டு மாடியில் அவள் இருந்த அறையில் ஒயர் ஓடாத இடம் கூரை மட்டும்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் லேப்பின் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. தெருவுக்கே அவள் ஒயரம்மாதான். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "ஏற்கெனவே மூணு பேரை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டிட்டு இருக்கேன்" என்று மூன்று சின்தசைசர் கீபோர்டுகளைக் காட்டுவாள். முதலாவதன் பெயர் பெரியவர். பழசு, கனம், சூடேறிய பிறகுதான் சுருதியில் நிற்பார். இரண்டாவது சிடுமூஞ்சி. பேஸ் என்கிற அடித்தொண்டைச் சத்தம் மட்டும் போடும், கொஞ்சம் அசைத்தால் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். மூன்றாவது மருமகன். புதுசு, பளபளப்பு, வேலை கம்மி, எதிர்பார்க்கும் மரியாதை அதிகம். இவர்கள் போக ஒரு கம்ப்யூட்டர், ஒரு டேப்லெட். டேப்லெட்டுக்குள் டிரம்ஸுக்குத் தாளம் போட்டுக்கொடுக்கும் ஆப் ஒன்று, புல்லாங்குழல் ஆப் ஒன்று, இவற்றையெல்லாம் இங்கிருந்து அங்கே திருப்பிவிடும் ஆப் ஒன்று.

இந்தக் கும்பல் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷைக்கு மிடி என்று பெயர். ஒயரில் ஓடுவது பாட்டு என்று அண்ணி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு ஓடாது, உத்தரவுதான் ஓடும். இந்தக் கட்டையை இவ்வளவு அழுத்தி அடி, இப்போது விடு, அவ்வளவே. ஒரே ஒயருக்குள் பதினாறு சேனல். ஒரு தெருவில் பதினாறு வீடு, ஒரே தபால்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு எண்ணைப் பார்த்து அவரவர் கடிதத்தை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். வயலின் கோஷ்டி இரண்டாம் வீடு, பேஸ் மூன்றாம் வீடு என்று ஒயரம்மா குடி வைத்திருந்தாள். பத்தாம் வீடு மட்டும் எங்கே போனாலும் டிரம்ஸுக்கு. அது உலக வழக்கம்.

அந்தப் பத்தாம் வீட்டின் சுபாவமே தனி. மற்ற வீடுகளில் அடுத்த கட்டைக்குப் போனால் சுருதி ஒரு படி ஏறும் அல்லது இறங்கும். பத்தாம் வீட்டில் ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு வாத்தியம். ஒன்றில் பெரிய டிரம், சற்றுத் தள்ளிச் சின்ன டிரம், இன்னும் தள்ளிப் பித்தளைத் தட்டு. அதனால் சுருதியை மாற்றுகிறவர்கள் எந்த வீட்டில் வேண்டுமானாலும் கைவைக்கலாம், பத்தை மட்டும் தொடக் கூடாது. தொட்டால் வாத்தியமே ஆள் மாறிவிடும். ஒயரம்மாவுக்கு இது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

ஒரிஜினல் சுருதி அண்ணனின் தங்கை சுருதியை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கிறீர்களா? அங்கேதான் சங்கதி இருக்கிறது.

டிரைவிங் ஸ்கூலை விட்ட புதிதில் அண்ணன் ஒரு வருஷம் வீட்டில் இருந்தார். அந்த ஒரு வருஷத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அண்ணி இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவாள். மிக்சியை ஒரேயடியாக மூன்றுக்குத் திருப்பாதே, ஒன்றில் எடுத்து இரண்டுக்குப் போ என்பார். மாடிப்படி திரும்பும்போது ஹாரன் அடிக்கச் சொல்லாத குறை. அதுவாவது பரவாயில்லை. அப்புறம் பேச்சே நின்றுபோயிற்று. முகம் மழிக்கவில்லை. காலையில் எழுந்ததும் ஷெட்டில் நிற்கும் பழைய காரில் போய், ஓட்டுகிற சீட்டில்கூட உட்காராமல், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டுக்கு இரண்டு தரம் கூப்பிட வேண்டும். அவரை அங்கிருந்து கிளப்பி மன்றத்து மேடையில் ஏற்றியவள் ஒயரம்மா. பாட ஆரம்பித்தபின் மனிதர் ஷேவ் பண்ணினார், சண்டை போட்டார், அண்ணியின் சமையலில் குற்றம் கண்டுபிடித்தார். வீட்டுக்கு உயிர் வந்தது.

ஒருநாள் ஒத்திகையில் உச்சி வரியில் குரல் உடைந்தது. அண்ணன் கையிலிருந்து தட்டைப் போட்டு உடைத்தவர்போல் சுற்றுமுற்றும் பார்த்தார். "தூசி" என்றார். தண்ணீர் குடித்தார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்.

"என்னிக்கு ஒரிஜினல் சுருதி முடியலையோ அன்னிக்கு மைக்கைக் கீழ வச்சுடுவேன். இறக்கிப் பாடி ஊரை ஏமாத்துற ஜாதி நான் இல்ல."

ஒயரம்மா மாடிக்குப் போனாள். கீபோர்டில் கட்டைக்கும் அதன் சொந்தச் சத்தத்துக்கும் நடுவே இருந்த தொடர்பைத் துண்டித்தாள். இனி அவள் அடிப்பது முதலில் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் பத்தாம் வீட்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒரு படி இறக்கி, பெரியவருக்கும் சிடுமூஞ்சிக்கும் மருமகனுக்கும் டேப்லெட்டுக்கும் பிரித்துக் கொடுக்கும். விரல் பழைய கட்டையில்தான் இருக்கும், சத்தம் மட்டும் ஒரு படி கீழே வரும். அண்ணன் என்னதான் அவள் விரலையே முறைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மன்றத்திலும் அதைக் கண்டுபிடிக்கிற காது ஒருவரிடம்தான் இருந்தது; அவரும் காது மிஷின் மாட்டிக்கொண்டுவிட்டார்.

அடுத்த ஒத்திகையில் அண்ணன் உச்சி வரியை அலட்சியமாகத் தாண்டினார். "பாத்தியா? தூசிதான்" என்றார். ஒயரம்மா "ஆமாண்ணே, தூசிதான்" என்றாள். பிற்பாடு இன்னொரு படி. அதற்கப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு படி இறங்கும்போதும் அண்ணனுக்கு வயசு குறைந்தது. "வயசாக ஆகத்தான் குரல் திறக்குது" என்று எதிர்வீட்டுக்காரருக்குப் பாடம் எடுத்தார். பகலில் பல், சாயங்காலம் சுருதி. தான் செய்ததிலேயே நன்றாகப் பொருந்திய செட் இதுதான் என்று ஒயரம்மாவுக்கு உள்ளூரக் கர்வம்கூட இருந்தது.

அப்படி இருந்த அண்ணன்தான் போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அடுத்த கூட்டத்தோட நிறுத்திக்கிறேன். ஒரிஜினல் சுருதியில இருக்கும்போதே மேடையை விட்டு இறங்கிடணும். அதுதான் மரியாதை."

அண்ணி கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். அவர் கை கழுவப் போனதும் ஒயரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படியாவது இவரைப் பாட வை. மறுபடி அந்தக் கார்ல போய் உக்காந்தாருன்னா என்னால தாங்க முடியாது. கண்ணால பாக்க முடியலடி அதை."

ஒயரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று படி இறக்கியாயிற்று. பச்சைத் தண்ணீர் மாதிரி இறங்க வேண்டிய பாட்டு. அப்புறம் என்ன கேடு? கர்வம்தான், வேறென்ன, என்று முடிவு கட்டினாள். இந்த ஞாயிறு நிகழ்ச்சியை அமர்க்களமாக நடத்தி, மனிதர் வாயாலேயே நிறுத்தவில்லை என்று சொல்லவைத்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் எல்லாவற்றையும் மாட்டி முடித்துக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அது நீலத் திரையைக் காட்டி, புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், தயவுசெய்து அணைக்காதீர்கள் என்றது. அந்த 'தயவுசெய்து'வில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முக்கால் மணி நேரம் பார்த்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. மன்றத் தலைவர் மேசை மணியை எடுத்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

வேறு வழியில்லை. கம்ப்யூட்டரைக் கழற்றினாள். மிடி ஒயர்களைச் சேர்த்துவைக்கிற ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை டேப்லெட்டில் சொருகி, மூன்று பேரையும் நேராக அதோடு சேர்த்தாள். கம்ப்யூட்டர் பார்த்த வேலையை இனி டேப்லெட்டின் திருப்பிவிடும் ஆப் பார்க்க வேண்டும். அதில் சுருதி மாற்ற ஒரு பெரிய வட்டக் குமிழ் இருந்தது. மைனஸ் மூன்றில் வைத்தாள். வயலின் அடித்துப் பார்த்தாள், சரி. பேஸ், சரி. புல்லாங்குழல், சரி. டிரம்ஸை அடித்துப் பார்க்கவில்லை. டிரம்ஸில் என்ன கெட்டுவிடப் போகிறது?

அந்தக் குமிழ் பதினாறு வீட்டையும் சேர்த்துத் திருப்புகிற குமிழ். பத்தாம் வீட்டை விடு என்று தனியாகச் சொல்ல வேண்டும். இத்தனை காலம் கம்ப்யூட்டர் அதைத் தானாகப் பார்த்துக்கொண்டதால், அப்படி ஒன்று சொல்ல வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அண்ணன் வழக்கம்போல் ஒரிஜினல் சுருதியை அறிவித்தார். இதுதான் கடைசி நிகழ்ச்சி என்றும் சொன்னார். கூட்டத்தில் "அடடா" என்று ஒரு குரல் வந்தது. ஒயரம்மா தாளத்தைத் தட்டிவிட்டாள்.

பெரிய டிரம் வரவேண்டிய இடத்தில் 'டிக்' என்று ஒரு சுண்டைக்காய்ச் சத்தம் வந்தது. சின்ன டிரம் இருந்த இடத்தில் பெரிய டிரம் 'தொம்' என்றது. தட்டு இருந்த இடத்தில் கைதட்டல். தட்டுக்கு மூன்று கட்டை கீழே இருக்கும் வாத்தியம் அதுதான், கைதட்டல். தட்டு எப்படி இடைவிடாமல் ஒலிக்குமோ அப்படி, இரண்டு ஸ்பீக்கரிலும் இடைவிடாமல் படபடவென்று கைதட்டல்.

ஒயரம்மாவுக்கு என்ன நடந்தது என்று அந்த நொடியே விளங்கிவிட்டது. விளங்கி என்ன பயன்? இரண்டு கையும் கட்டைமேல். குமிழைப் பழையபடி திருப்பினால் டிரம்ஸ் சரியாகும், கூடவே சுருதியும் மூன்று படி எகிறி அண்ணன் நடுத்தெருவில் நிற்பார். பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தாள்.

அண்ணனுக்கோ முகம் அகல விரிந்தது. பல்லவி எடுப்பதற்கு முன்பே கைதட்டல்! மன்ற வரலாற்றில் நடக்காத காரியம். பின்வரிசைக்காரர்கள் முன்வரிசைக்காரர்கள்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தார்கள். நாம் மட்டும் தட்டாமல் இருந்தால் ரசனை இல்லாதவன் என்றாகிவிடுமே என்று நாலு பேர் ஆரம்பித்தார்கள். அதைக் கேட்டு முன்வரிசையும் சேர்ந்துகொண்டது. பாட்டு முடிவதற்குள் மன்றத் தலைவரே மணியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

முதல் பாட்டு முடிந்ததும் ஒயரம்மா அதைச் சரிசெய்திருக்கலாம். இரண்டு பக்கம் உள்ளே போய்ப் பத்தை விலக்க ஒரு நிமிஷம் போதும். அவள் கையும் டேப்லெட் வரை போயிற்று. அண்ணனைப் பார்த்தாள். மனிதர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். கை திரும்பி வந்துவிட்டது. இருக்கட்டுமே, என்ன குடிமுழுகிப் போயிற்று? அடுத்த பாட்டு ஒரு பிரிவுத் துயரப் பாட்டு. காதலி போயே போய்விட்டாள் என்று அண்ணன் உருக, அதற்கும் ஸ்பீக்கரும் கூட்டமும் சேர்ந்து விடாமல் கைதட்டின.

இடைவேளையில் மேடைக்குப் பக்கத்து அறைக்குப் போனார்கள். நூலகத்தின் பழைய பத்திரிகைக் கட்டுகள் அடுக்கிய அறை. அண்ணன் ஒரு கட்டின்மேல் உட்கார்ந்து வெந்நீர் குடித்தார். கன்னம் சிவந்திருந்தது.

"பாத்தியா? வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே தட்டுறாங்க. இந்த ஜனங்க என்னை விடமாட்டாங்க போலிருக்கே. நிறுத்தறதைப் பத்தி யோசிக்கத்தான் வேணும்."

ஒயரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அண்ணியிடம் போனில் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

அப்போது மைக்செட்காரர் உள்ளே வந்தார். வழக்கமாக வருகிறவருக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு வந்திருந்த புது ஆள். குடுமி, கழுத்தில் ஹெட்போன், வாய் ஓயாதவர். வீட்டில் தானும் இரண்டு சின்தசைசர் வைத்திருப்பவர் என்பதால், ஒயரம்மாவைக் கண்டதிலிருந்து சொந்தக்காரரைக் கண்டதுபோல் குதித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டேன்! அந்தக் கைதட்டல் உங்க பெட்டில இருந்துதான் வருது. தட்டு மூணு இறங்கி கைதட்டலா மாறிடுச்சு. நீங்க சுருதிய மூணு இறக்கியிருக்கீங்க, பத்தாவது சேனலை விட மறந்துட்டீங்க. கரெக்டா?"

கரெக்டுதான். ஒரே மூச்சில் கைதட்டலையும் பிடுங்கினார், சுருதியையும் பிடுங்கினார். ஒயரம்மா அவரைப் பார்த்த பார்வையில் குடுமி பற்றி எரிந்திருக்க வேண்டும். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்து, மனிதர் "அப்ப நான் மைக்கைப் பாக்கறேன்" என்று நழுவினார்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன மூணு?"

"ஒண்ணுமில்லண்ணே. அவர் ஏதோ..."

"எனக்குக் காது கேக்குது. சுருதிய மூணு இறக்கியிருக்கியா?"

ஒயரம்மா ஒயரைத் தேடினாள். அந்த அறையில் ஒரு ஒயர்கூட இல்லை.

"ஆமா."

"இன்னிக்கு மட்டுமா?"

"இல்ல. கொஞ்ச கொஞ்சமா. அன்னிக்குத் தூசின்னு சொன்னீங்களே, அதுல இருந்து."

அவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று அவள் முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டாள். மேடையில் அத்தனை பேர் முன்னால் மாதாமாதம் மார்தட்டவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாய் என்பார். இனிமேல் மூஞ்சியில் விழிக்காதே என்பார். மைக்கைப் போட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய், காரில் ஏறி, அந்தப் பக்கத்து சீட்டில் உட்காருவார்.

"நான் இப்ப பாடிட்டு இருக்கறது மூணு இறக்கினதா?" என்றார் அண்ணன் மெதுவாக.

"ஆமாண்ணே."

"இதுக்கே எனக்கு உயிர் போகுதே."

ஒயரம்மாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"ஒவ்வொரு கூட்டம் முடிஞ்சும் நாலு நாள் எச்சில் முழுங்க முடியல. உச்சி வரி வந்தா கண்ணை மூடிக்கிறேனே, உருக்கம்னா நினைச்சே? வலி. ஒரிஜினல் சுருதி ஒத்துக்கலன்னு தெரிஞ்சுபோச்சு. இறக்கிப் போடுன்னு உன்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது? அதான் கௌரவமா நிறுத்திடலாம்னு..."

ஒயரம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது, அவர் மேலே இல்லை. வாய்க்குப் பொருந்தியிருக்கிறது என்று தட்டிக்கொடுத்துக்கொண்ட செட், அத்தனை நாளும் அந்த வாயைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரிஜினலில் பாடுகிறோம் என்று நம்பவைத்ததே அவள்தான். அந்த நம்பிக்கைதான் அவரை இறங்கவிடாமல் உச்சியிலேயே கட்டிப்போட்டு, கடைசியில் மைக்கைக் கீழே வைக்கிற இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. பாட வைக்கச் செய்த வேலையே பாட்டை நிறுத்தப் பார்த்திருக்கிறது. மடச்சி, மடச்சி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

திட்டிக்கொண்டது தன்னை, வாயில் வந்தது வேறு.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"இறக்கிட்டேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மைக்கை வச்சுடுவேன்னீங்க!"

"அப்படித்தான் சொல்லுவேன்! சொன்னா உடனே நம்பிடறதா? நான் சொல்றதை எல்லாம் எப்ப நீ கேட்டிருக்கே?"

வெளியே தலைவர் மணியடித்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். அண்ணன்தான் முதலில் பார்வையைத் தாழ்த்தினார். வெந்நீர் டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இன்னும் இறக்க முடியுமா?"

"எவ்வளவு வேணாலும்."

"மொதல்ல அந்தக் கைதட்டலை நிறுத்து. மானம் போகுது."

ஒயரம்மா பத்திரிகைக் கட்டின்மேல் டேப்லெட்டை வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் உள்ளே போனாள். பத்தாம் வீட்டை மட்டும் விலக்கினாள். அவசரத்தில் முதல் தடவை ஒன்பதை விலக்கிவிட்டு, அதைத் திரும்பச் சேர்த்துவிட்டுப் பத்துக்கு வந்தாள்.

மேடையில் அண்ணன் எதையும் அறிவிக்கவில்லை. அவள் பக்கம் திரும்பி, "நாலு" என்றார். அவள் நான்கு வைத்துச் சுருதி கொடுத்தாள். முனகிப் பார்த்தார். போதாது என்று தலையை ஆட்டினார். "இன்னொண்ணு." ஐந்து வைத்தாள். உச்சி வரியை மட்டும் வாய்க்குள் ஒரு தடவை பாடிப் பார்த்தார். கூட்டம் கழுத்தை நீட்டியது.

"என்ன சார், ஏதாவது பிரச்சினையா?" என்றார் தலைவர்.

"வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி சீட்டை அட்ஜஸ்ட் பண்ணிக்கணும் சார்" என்றார் அண்ணன் மைக்கிலேயே. "இந்த சீட்ல இருந்து என் கால் இவ்வளவு நாளா பெடலுக்கு எட்டல. இப்ப அஞ்சு படி இறக்கிப் பாடப்போறேன். பிடிக்காதவங்க காதைப் பொத்திக்கலாம்."

ஒருவரும் பொத்திக்கொள்ளவில்லை. தாளம் ஆரம்பித்தது. பெரிய டிரம் பெரிய டிரமாக வந்தது, தட்டு தட்டாக வந்தது. கைதட்டிப் பழகிவிட்ட கூட்டம் யார் தொடங்குவார்கள் என்று முன்வரிசை பின்வரிசையையும், பின்வரிசை முன்வரிசையையும் பார்த்தது. யாரும் தொடங்கவில்லை. அந்த நிசப்தத்துக்குள் அண்ணன் பாடினார். ஒயரம்மாவுக்கு அந்தக் குரல் புதுசாக இருந்தது. தடிமனாக, கீழே கொஞ்சம் கரகரப்போடு, அவசரமில்லாமல். உச்சி வரி வந்தது. அவர் கண்ணை மூடவில்லை. ஹாலின் கடைசி ஜன்னலைப் பார்த்தபடி சாவகாசமாக அதைப் பாடிவிட்டு அடுத்த வரிக்கு இறங்கினார். அவளுக்குக் கட்டைகள் மங்கலாகத் தெரிந்தன. இரண்டு இடத்தில் தப்பாக அடித்தாள்.

முடிந்ததும் மன்றம் தன் கஞ்சத்தனம் மாறாமல் தட்டியது. பத்துப் பதினைந்து பேர், கை வலிக்காமல்.

அண்ணன் மைக்கை அணைத்துவிட்டு அவள் மேசைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க இருக்கு அது? காட்டு."

டேப்லெட்டை அவர் பக்கம் முழுசாகத் திருப்பி வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார்.

"அஞ்சுக்கு முன்னாடி அந்தக் கோடு எதுக்கு?"

"மைனஸ். கழித்தல் குறி."

"அது தெரியுது. அதை இவ்வளவு பெருசாவா போடுவாங்க?"

"சின்னதாக்க முடியாதுண்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். இந்தப் பாட்டுக்கு அஞ்சு கொஞ்சம் அதிகம். அடுத்த மாசம் நாலுல வச்சுப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு மைக் பக்கம் நடந்தார்.

அடுத்த மாசம் என்று தான் சொன்னதை அவரே கவனிக்கவில்லை. ஒயரம்மா "சரிண்ணே" என்றாள். அடுத்த பாட்டுக்குத் தாளத்தைத் தட்டிவிட்டாள்.